மொட்டுள்ள எறும்பும் மொட்டிழந்த எறும்பும்

(கல்லூரி மாணவர்களும் இயற்கை ஆர்வலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எறும்பு வளர்ப்பது பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் இங்கே சிலர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். கிளி வளர்ப்பார்கள், மீன் வளர்ப்பார்கள், எறும்பையா? அதைத்தான் சர்க்கரை டப்பாவில் கேட்காமலே வளர்த்துக்கொண்டிருக்கிறோமே என்று உங்களுக்குத் தோன்றலாம். நியாயம்தான். ஆனால் சர்க்கரை டப்பாவுக்கு வருகிற எறும்பு வெளிவேலைக்கு வந்த ஆள். அதன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யார் முட்டையிடுகிறார்கள், யார் சொல் செல்லுகிறது என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. வீடு மண்ணுக்கடியில், இருட்டில் இருக்கிறது. தோண்டினால் வீடு போய்விடும். தோண்டாவிட்டால் ஒன்றும் தெரியாது. இந்தச் சிக்கலுக்கு மனிதர் கண்டுபிடித்த வழிதான் எறும்பு வளர்ப்பு.

வழி பழையது. இங்கிலாந்தில் வங்கித் தொழில் செய்த ஜான் லபக், இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மண்ணை நிரப்பி எறும்புகளைக் குடிவைத்தார். பார்த்ததையெல்லாம் 1882-இல் ஒரு நூலாக வெளியிட்டார். அவர் வளர்த்த ராணி எறும்பு ஒன்று ஏறக்குறைய 15 ஆண்டுகள் உயிரோடு இருந்தது. எறும்புக்கு அவ்வளவு ஆயுள் உண்டென்று அதற்குமுன் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். பிரான்ஸில் சார்ல் ஜானே என்பவர் மண்ணுக்குப் பதிலாகப் பிளாஸ்டரில் அறைகள் குடைந்தார். இன்றைக்கும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இருப்பது அந்தப் பிளாஸ்டர் கூட்டின் வாரிசுகள்தாம்.

நம் பக்கம் கதை வேறு மாதிரி. மெட்ராஸ் மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன், 1851-இல் தென்னிந்திய எறும்புகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார். சென்னையிலிருந்து வெளிவந்த ஆய்விதழில்தான் அது அச்சானது. 1903-இல் பிங்கம் என்பவர், இந்தியா முழுவதற்குமான எறும்பு நூலை எழுதினார். பெயர் வைக்கும் வேலை அப்போதே தொடங்கிவிட்டது. ஆனால் பெயர் வைக்கப்பட்ட பெரும்பாலான எறும்புகள் எப்படிக் குடும்பம் நடத்துகின்றன என்று எழுதப்பட்டது மிகக் குறைவு. ஊசியில் குத்திய எறும்பு தன் நிறத்தைச் சொல்லும், நீளத்தைச் சொல்லும். அது யாருக்குப் பயந்து நடந்தது என்று சொல்லாது.

இன்று நான் பேசப்போவது அப்படிப்பட்ட எறும்புகளில் ஒன்றைப் பற்றி. அறிவியல் பெயர் டயகம்மா. இந்தியாவிலும் இலங்கையிலும் தொடங்கி, தென்கிழக்காசியா வழியாக ஆஸ்திரேலியாவின் வடமுனைவரை, ஜப்பானின் ஓகினாவா தீவுவரை இந்தப் பேரினம் பரவியிருக்கிறது. நம் ஊர்களில் பெரிய கறுப்பெறும்பு எல்லாவற்றையும் கட்டெறும்பு என்றே சொல்வோம். இதையும் அப்படித்தான் சொல்லியிருப்போம். கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் நீளம். சாம்பல் பூத்த கறுப்பு, வெயிலில் உலோகப் பளபளப்பு. உடம்பெங்கும் விரல் ரேகையைப் போல வரிவரியாகப் பள்ளங்கள். இடுப்புக் கணுவின் மேல் இரண்டு முட்கள். பட்டப்பகலில் தனியாகத் திரியும். வரிசை கட்டிப் போவதில்லை. செத்த பூச்சியோ கறையானோ கிடைத்தால் கவ்விக்கொண்டு வீடு திரும்பும். செங்கல் குவியலின் அடி, மண் சுவரின் வெடிப்பு, மரத்தின் வேர்ப்பகுதி என்று குடியிருக்கும். கொடுக்கும் உண்டு, கையில் பிடித்துப் பார்க்க வேண்டாம்.

வளையின் வாயைப் பார்த்தால் இந்த எறும்பை அடையாளம் கண்டுகொள்ளலாம். சில இடங்களில் வாயைச் சுற்றி மண்ணைக் குழாய் போல எழுப்பியிருக்கும். அதன்மேல் பறவை இறகு, குச்சி, செத்த எறும்பின் உடல் என்று கண்டதையும் கொண்டுவந்து வைத்திருக்கும். அலங்காரம் என்று நினைத்துவிடக்கூடாது. மார்க் மொஃபெட் என்ற ஆய்வாளர் 1985-இல் இந்தியாவில் கவனித்து எழுதியது இது: விடியற்காலையில் அந்த இறகுகளில் பனித்துளி படிகிறது, எறும்புகள் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போகின்றன. மழையில்லா மாதங்களில் குடிதண்ணீருக்கு அவை செய்துகொண்ட ஏற்பாடு.

இனி வளர்ப்புக்கு வருவோம். எறும்பு வளர்ப்பவர்கள் உலகெங்கும் ஒரே மந்திரத்தைத்தான் ஓதுவார்கள்: ராணியைப் பிடி. மழை பெய்த மறுநாள் இறக்கையுள்ள ராணிகள் பறந்து, கலவி முடித்து, இறக்கையை உதிர்த்துவிட்டுத் தரையில் அலையும். ஒன்றைப் பிடித்துச் சோதனைக் குழாயில் விடு. குழாயின் அடியில் தண்ணீர், அதன்மேல் பஞ்சு, வாயில் இன்னொரு பஞ்சு. இருட்டில் வை. பல இனங்களில் ராணி எதையும் தின்னாமல், தன் பறப்புத் தசைகளைக் கரைத்தே முதல் பிள்ளைகளை வளர்த்துவிடும். சில வாரத்தில் உனக்கொரு கூட்டம் தயார். இந்தப் பாடம் பல எறும்புகளுக்குப் பொருந்தும்.

டயகம்மாவுக்குப் பொருந்தாது. ஏனென்றால் டயகம்மாவுக்கு ராணியே கிடையாது.

அதாவது, ராணியாகவே பிறக்கும் உருவம் இந்தப் பேரினத்தில் இல்லை. பெண் எறும்புகள் எல்லாம் ஒரே அச்சு. இறக்கை எதற்கும் இல்லை. பறப்பவை ஆண்கள் மட்டும். அப்படியானால் முட்டையிடுவது யார்? வேலைக்கார எறும்புகளில் ஒன்று. கூட்டுக்கு ஒன்றே ஒன்று. அது மட்டும் ஆணோடு கலந்திருக்கும். அதன் முட்டையிலிருந்து மட்டுமே பெண் எறும்புகள் பிறக்கும். ஆய்வாளர்கள் அதைக் கேமர்கேட் என்பார்கள். இந்த உரையில் நான் தாய் எறும்பு என்றே சொல்கிறேன்.

எல்லாரும் ஒரே அச்சில் பிறந்தால் எல்லாருக்கும் தாயாகும் உரிமை உண்டுதானே? அது ஒன்றுக்கு மட்டும் எப்படிப் போகிறது? இந்தக் கேள்விக்கான விடை 1989-இல் இரண்டு இடங்களிலிருந்து ஒரே சமயத்தில் வந்தது. ஓகினாவாவின் எறும்பைப் பார்த்த ஜப்பானியக் குழு ஒன்று. ஆஸ்திரேலிய எறும்பைப் பார்த்த கிறிஸ்டியன் பீட்டர்ஸும் செய்கோ ஹிகாஷியும். அவர்கள் கண்டது இது. கூட்டுப்புழுவின் உறையிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு பெண் எறும்புக்கும் மார்பின் இரு பக்கமும், இறக்கை முளைத்திருக்க வேண்டிய இடத்தில், இரண்டு சின்னஞ்சிறு மொட்டுகள் இருக்கின்றன. பூதக்கண்ணாடி இல்லாமல் தெரியாத அளவு. பிறந்த சில மணி நேரத்தில், உடம்பு இன்னும் வெளுத்து மென்மையாக இருக்கும்போதே, தாய் எறும்போ கூட்டிலுள்ள மற்றொன்றோ வந்து அந்த மொட்டுகளைக் கடித்து எறிந்துவிடுகிறது.

அவ்வளவுதான். மொட்டுப் போன எறும்பு அதன்பின் அடங்கி நடக்கும். ஆணைத் தேடாது. ஆயுள் முழுக்க இரை தேடும், பிள்ளை பார்க்கும், மண் சுமக்கும். மொட்டு நிலைத்த எறும்பு ஒன்றுதான் கூட்டில் உண்டு, அது தாய். அந்தத் தாய் செத்துப்போனால் அடுத்துப் பிறக்கும் பெண்ணின் மொட்டு தப்பிவிடும். அப்படித் தப்பியது உடனே மற்றவற்றை அதட்ட ஆரம்பிக்கும். தனக்குப் பின்னால் பிறப்பவற்றின் மொட்டுகளை அது கடித்துவிடும். ஆட்சி மாறிற்று.

ஒரு துளி உறுப்புக்கு ஏன் இவ்வளவு வல்லமை? மொட்டின் மேல் உணர்மயிர்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து நரம்புகள் உடலின் நடு நரம்பு மண்டலத்துக்குப் போகின்றன. கிரோனன்பெர்க்கும் பீட்டர்ஸும் 1993-இல் அந்த நரம்புப் பாதையைத் தொடர்ந்து வரைந்து காட்டினார்கள். மொட்டைக் கடிப்பது வெறும் சதையைக் கடிப்பதாக முடிவதில்லை. நரம்பு வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்த ஒரு செய்தியும் நின்றுவிடுகிறது. அதன் பிறகு அந்த எறும்பின் நடத்தையே வேறாகிவிடுகிறது.

இதையெல்லாம் வெளியில் உட்கார்ந்து யாராலும் பார்த்திருக்க முடியாது. நடப்பது மண்ணுக்கடியில், நடந்து முடிவது ஓர் எறும்பின் வாழ்வில் முதல் சில மணி நேரத்துக்குள். கண்ணாடி மூடிய பெட்டியில், ஒவ்வோர் எறும்பின் முதுகிலும் எனாமல் பெயின்ட்டால் புள்ளி வைத்து, எது எது என்று அடையாளம் வைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் பார்த்தவர்களுக்கே கிடைத்த காட்சி இது. எறும்பு வளர்ப்பு விளையாட்டு என்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

இப்போது நம் வீட்டுச் செய்தி. டயகம்மா எங்கெங்கு வாழ்கிறதோ அங்கெல்லாம் இந்த மொட்டுக் கடி உண்டு என்றே நினைத்திருந்தார்கள். நீலகிரிப் பகுதியில் வாழும் டயகம்மாவைக் கூட்டோடு எடுத்து வளர்த்துப் பார்த்தபோது அந்த நினைப்பு உடைந்தது. நீலகிரி எறும்புகளில் யாரும் யாருடைய மொட்டையும் கடிப்பதில்லை. கூட்டிலுள்ள அத்தனை பெண்களும் சாகும்வரை மொட்டோடு இருக்கின்றன. ஆனாலும் முட்டையிடும் தாய் ஒன்றுதான். எப்படி? அடிதடியால். ஒன்றையொன்று உணர்கொம்பால் அடித்தும், கவ்வி இழுத்தும், அதட்டியும் ஒரு வரிசை உண்டாகிறது. அந்த வரிசையின் உச்சியில் இருப்பது தாய். பீட்டர்ஸ், பில்லன், ஹோல்டோப்லர் மூவரும் 1992-இல் இதை வெளியிட்டார்கள். இந்த நீலகிரி எறும்புக்கு நெருங்கிய உறவு தென்னிந்தியாவின் டயகம்மா சிலோனென்சே. அது மொட்டைக் கடிக்கும் கட்சி. ஒரே குடும்பம், பக்கத்துப் பக்கத்து ஊர், இரண்டு அரசியல் சட்டம்.

அடுத்த கேள்வி இயல்பாக வரும். கடிப்பதும் கடிக்காமல் விடுவதும் யார் கையில் இருக்கிறது? கடிப்பவரின் குணமா? பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ராகவேந்திர கடக்கரும் பீட்டர்ஸும் இன்னும் சிலரும் சேர்ந்து செய்த ஆய்வு 2004-இல் வந்தது. ஒரு கூட்டில் பிறந்த இளம் எறும்புகளை வேறு கூட்டில் விட்டுப் பார்த்தார்கள். தெரிந்தது என்னவென்றால், கடிக்கத் தூண்டும் குறிப்பு கடிபடும் எறும்பிடமிருந்தே வருகிறது. கொடுமை செய்பவரின் மனத்தில் காரணத்தைத் தேடுவதே நம் வழக்கம். எறும்பு நம் வழக்கத்துக்கு உட்பட்டதில்லை.

சரி, இப்படிப்பட்ட எறும்பைப் பெட்டியில் வைத்து வளர்ப்பது எப்படி? செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதில் கடினம் ஒன்றுமில்லை.

மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. அதன் அடியில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து ஊற்றி, இறுகும் முன் இரண்டு மூன்று குழிகள் அமைத்துக்கொள்ள வேண்டும். இறுகிய பிளாஸ்டர் நன்றாகக் காய்ந்த பிறகு குழிகளுக்கு மேல் கண்ணாடித் துண்டு, கண்ணாடிக்கு மேல் சிவப்பு ஜெலட்டின் தாள். எறும்புக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. அது இருட்டில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும், நாம் பார்த்துக்கொண்டிருக்கலாம். இந்தக் கூட்டுக்கு ஒரு சின்ன வாசல் விட்டு, வெளியே இரை தேட ஒரு திறந்த இடம். அந்த இடத்தின் சுவரில் மேல்பக்கம் வாசலினைப் பட்டையாகத் தடவிவிட்டால் ஏறி வெளியே போகாது. பெட்டியின் நான்கு பக்கமும் தண்ணீர் இருக்கும்படி ஒரு தட்டில் வைப்பது நல்லது. இது நம் எறும்பு தப்பாமலிருக்க என்று நினைக்காதீர்கள். வீட்டிலுள்ள சின்ன எறும்புகள் உள்ளே புகுந்து கூட்டத்தையே சூறையாடாமலிருக்க.

பிளாஸ்டரை ஒரு பக்கம் மட்டும் நனைக்க வேண்டும். ஈரம் வேண்டியது ஈரத்துக்குப் போகும், உலர்வு வேண்டியது உலர்வுக்குப் போகும். முட்டையையும் இளம் புழுவையும் ஈரத்திலும், உறை கட்டிய கூட்டுப்புழுவைச் சற்றுக் காய்ந்த அறையிலும் எறும்புகளே மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும். எது சரியான ஈரம் என்று நாம் தீர்மானிக்க வேண்டாம். இரண்டையும் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பிளாஸ்டர் ஒரே நாளில் சுண்ணாம்பாகக் காய்ந்துவிடும். மொட்டை மாடி அறையில் வைத்துவிட்டு ஊருக்குப் போகாதீர்கள்.

உணவு கறையான். இல்லாவிட்டால் சின்னப் பாச்சை, வீட்டு ஈ. மருந்தடித்த தோட்டத்துப் பூச்சி கூடாது. ஒரே இரையில் கூட்டம் முழுவதும் போய்விடலாம். முட்டை, தேன், அகர் சேர்த்துக் கட்டியாக்கும் ஒரு செயற்கை உணவுண்டு. பட்கர், விட்கோம் என்ற இருவர் 1970-இல் வெளியிட்ட பக்குவம் அது; ஆய்வுக்கூடங்களில் இன்றும் அதுதான் சமையல். சர்க்கரைத் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து வைத்தால் தாடைகளுக்கு நடுவே ஒரு துளியை ஏந்திக்கொண்டு உள்ளே எடுத்துப்போகும். பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காக நிறைய வைக்காதீர்கள். பூசணம் வரும்.

இன்னொன்று பலர் மறப்பது. டயகம்மாவின் புழு, கூட்டுப்புழுவாகும் முன் தன்னைச் சுற்றிப் பட்டு உறை நூற்கும். வழவழப்பான பிளாஸ்டர் தரையில் நூல் பிடிக்க இடமிருக்காது. எனவே ஒரு சிட்டிகை மெல்லிய மண்ணையோ மரத்தூளையோ கூட்டுக்குள் போட்டுவைக்க வேண்டும். வேலைக்கார எறும்புகள் அந்தப் புழுவைத் தூளில் புதைத்துவிடும். புழு துகள்களைப் பற்றிக்கொண்டு உறையை நூற்கும். பிறகு வேலைக்கார எறும்புகளே சுற்றியுள்ள தூளைத் துடைத்துவிட்டு உறையை வெளியே எடுக்கும். மண் அழுக்கு என்று துடைத்துச் சுத்தமாக வைத்திருக்கும் பெட்டியில் புழுக்கள் வளரும், ஆனால் எறும்பாவது கடினம்.

பெட்டியை மாற்றுவதற்கும் ஒரு வழி சொல்கிறேன், ஏனென்றால் அது ஒரு வேடிக்கையும்கூட. எறும்புகளைப் பிடித்து மாற்ற வேண்டாம். பழைய பெட்டியின் சிவப்புத் தாளை எடுத்து வெளிச்சம் படவிடுங்கள், ஈரம் குறையவிடுங்கள். பக்கத்தில் இருட்டும் ஈரமுமான புதிய கூட்டை வாசல் சேர்த்து வையுங்கள். சில எறும்புகள் போய்ப் பார்த்துவிட்டு வரும். பிறகு ஒன்று மற்றொன்றை அழைத்துச் செல்லும். அழைத்துச் செல்வது என்றால், முன்னே ஒன்று, பின்னே ஒன்று. பின்னால் வருவது உணர்கொம்பால் முன்னதின் உடலைத் தட்டிக்கொண்டே வரும். தட்டுதல் நின்றுவிட்டால் முன்னது நின்று தேடும். ஒவ்வொன்றாக, முட்டையும் புழுவும் தாடையில் ஏந்தி, கூட்டம் முழுவதும் இப்படிக் குடிபெயர்ந்துவிடும். கொல்கத்தாவுக்கு அருகே உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் சுமனா அன்னகிரியின் குழு, டயகம்மா இண்டிகத்தின் இந்தக் குடிபெயர்ப்பைப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறது. மழையில் வளை மூழ்கும் நாட்டில் வாழும் எறும்புக்கு, வீடு மாறுவது உயிர்ப்பிரச்சினை.

இதுவரை சொன்னது வசதிகள். வசதி எல்லாம் சரியாக இருந்தும் டயகம்மா கூட்டம் ஒன்று மெல்ல மெல்ல அழிவதுண்டு. வளர்த்தவர் ஈரத்தைக் குறை சொல்வார், உணவைக் குறை சொல்வார். காரணம் வேறிடத்தில் இருக்கும். அதைத்தான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

முதல் காரணம், தாயை விட்டுவிட்டு எடுத்துவருவது. வளை வாயில் நடமாடும் இருபது எறும்பைப் பிடித்துப் பெட்டியில் போட்டால் பெட்டியில் எறும்பு இருக்கும், கூட்டம் இருக்காது. வெளியே வருபவை பெரும்பாலும் வயதான, இரை தேடும் எறும்புகள். அவற்றில் சில முட்டையிடவும் செய்யும். கலவி ஆகாத எறும்பின் முட்டையிலிருந்து ஆண்தான் பிறக்கும். சில விதிவிலக்குகள் தவிர, எறும்பு, தேனீ, குளவிகளுக்கு இது பொது விதி. ஆண் இரை தேடாது, பிள்ளை பார்க்காது. வேலைக்காரிகள் ஒவ்வொன்றாகச் சாக, கடைசியில் பெட்டியில் இறக்கையுள்ள ஆண்கள் சில மிஞ்சும். பிறகு அவையும் இல்லை.

இரண்டாவது காரணம் நுட்பமானது. தாய் எறும்பு இருக்கிறது என்பதை மற்ற எறும்புகள் எப்படி அறிகின்றன? காற்றில் வரும் வாசனையால் அல்ல. தொட்டால்தான் தெரியும். தாயின் உடல் மேற்பூச்சிலுள்ள வேதிப்பொருளை உணர்கொம்பால் தொட்டு அறிகின்றன. ஓகினாவா எறும்பை வைத்து கசுகி ட்சுஜியும் உடனிருந்தவர்களும் 1999-இல் தொடுகையின் அவசியத்தைக் காட்டினார்கள். தாய் அதே பெட்டியில் இருந்தாலும், தொடமுடியாமல் போனால், மற்றவை தாயில்லாப் பிள்ளைகள் போலவே நடந்துகொள்ளும். அவற்றின் சூலகம் முதிரத் தொடங்கும். அதனால்தான் தாய் எறும்பு கூட்டுக்குள் ஓயாமல் சுற்றிவந்துகொண்டே இருக்கிறது. இப்போது யோசித்துப் பாருங்கள். ஆசை மிகுதியால் நாம் நான்கைந்து பெட்டிகளை நீண்ட குழாய்களால் இணைத்து அரண்மனை கட்டிக்கொடுக்கிறோம். பெரும்பாலும் முந்நூறுக்கு உட்பட்ட கூட்டம் அது. கடைசி அறையில் இருப்பவற்றைத் தாய் எட்டவே இல்லை. அங்கே சண்டை மூள்கிறது. நாம் கொடுத்த இடம்தான் கூட்டத்தை உடைத்தது. டயகம்மாவுக்குச் சின்ன வீடு போதும்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரிய காரணம். வெளியில் தாய் செத்தால் மொட்டுத் தப்பிய ஒரு பெண் வளை வாசலுக்கு வந்து நிற்கும். பின்னங்காலிலுள்ள ஒரு சுரப்பியிலிருந்து மணத்தைப் பரப்பி ஆணை அழைக்கும். பறந்துவரும் ஆண் வேறு கூட்டைச் சேர்ந்தது. கலவி ஒரே முறை. அந்த ஆண் அதோடு சரி. அந்த ஒரு முறையில் கிடைத்ததை வைத்துப் புதிய தாய் ஆயுள் முழுக்கப் பெண்பிள்ளை பெறும். இப்படித் தாய் மாறி மாறி ஒரு கூட்டு நெடுங்காலம் நிலைக்கும். கூட்டம் பெருகினால் ஒரு பகுதி நடந்துபோய்ப் புதிய வளை தோண்டிக்கொள்ளும். ஒற்றைப் பெண் பறந்துபோய்க் குடும்பம் தொடங்குவது இங்கே இல்லை.

பெட்டியில் வாசல் உண்டு. வாசலுக்கு வரும் அந்நிய ஆண் இல்லை. தாய் சாகும் நாளில் அந்தக் கூட்டத்தின் முடிவு எழுதப்பட்டுவிடுகிறது, உணவும் ஈரமும் எவ்வளவு சரியாக இருந்தாலும். எனவே டயகம்மாவைத் தொடர்ந்து வளர்க்க விரும்புகிறவர் ஒரு கூட்டை வைத்து வளர்க்க முடியாது. ஒரே ஊரின் இரண்டு மூன்று கூடுகளாவது வேண்டும்; ஒன்றில் பிறக்கும் ஆணை இன்னொன்றின் வாசலில் விட வேண்டும். இதைச் செய்துபார்க்கும்போது நமக்குப் புரிவது, நாம் வளர்ப்பது எறும்பைக் கூட அல்ல; எறும்புகளுக்கு இடையே உள்ள உறவை. தாய்க்கும் பிள்ளைக்கும் தொடுகை, கூட்டுக்கும் கூட்டுக்கும் ஆண் வரவு. அதில் ஒன்றை அறுத்துவிட்டு எறும்பை மட்டும் கண்ணாடிக்குள் வைத்தால் எறும்பு கொஞ்ச நாள் நடமாடும்.

இந்த இடத்தில் வணிகத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 2025-இல் கென்யாவில் ஒரு வழக்கு நடந்தது, பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். ஐயாயிரம் அளவில் ராணி எறும்புகளோடு இரண்டு பெல்ஜிய இளைஞர்கள் பிடிபட்டார்கள். பெரிய ஆப்பிரிக்க அறுவடை எறும்பின் ராணிகள். பஞ்சடைத்த குழாய்களில், வெளிநாட்டுக்கு விற்க. அவர்களுக்கும், வேறு வழக்கில் சிக்கிய இருவருக்குமாக, ஆளுக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் அல்லது ஓராண்டு சிறை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு ராணி என்பது பிறக்காத ஒரு கூட்டம். ஐயாயிரம் ராணி என்பது அந்த மண்ணில் தோன்றியிருக்க வேண்டிய கூட்டங்கள்.

டயகம்மாவுக்கு ராணி இல்லாததால் ஒற்றை ராணியைக் குழாயில் அடைத்து விற்க முடியாது. அந்த அளவில் அது தப்பித்தது. ஆனால் வேறு வகையில் அது இன்னும் மென்மையானது. பெண் எறும்பு பறப்பதில்லை என்றேன். நடந்து போகிற தூரம்தான் அதன் உலகம். ஒரு மலைப்பகுதியின் எறும்பு அந்தப் பகுதிக்கே உரிய வழக்கத்தோடு இருப்பதை நீலகிரியில் பார்த்தோம். நீலகிரிக் கூட்டைக் கொண்டுபோய்ச் சமவெளியில் விட்டாலும், சமவெளிக் கூட்டை மலையில் விட்டாலும், நெடுங்காலத்தில் பிரிந்த ஒன்றை ஒரு பேருந்துப் பயணத்தில் குழப்பிவிடுகிறோம். ஆகவே எடுத்த இடத்திலேயே திரும்ப விட முடியாத கூட்டை எடுக்கவே கூடாது.

சட்டமும் இருக்கிறது. காப்புக் காட்டிலும் சரணாலயத்திலும் வனத்துறை அனுமதியில்லாமல் எறும்பைக்கூட எடுக்கக் கூடாது. வெளிநாட்டவர் யாரும் நம் உயிரினங்களை ஆய்வுக்கோ வணிகத்துக்கோ பெற வேண்டுமானால், 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். அந்த ஆணையத்தின் தலைமையகம் இங்கே சென்னைத் தரமணியில்தான் இருக்கிறது. வெளிநாட்டு நண்பர் கேட்டார், தபாலில் ஒரு டப்பா அனுப்பினேன் என்பதெல்லாம் விளையாட்டுக் காரியமல்ல.

அப்படியானால் எறும்பு வளர்க்காதே என்கிறீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் ஒரு பெட்டி இருக்கட்டும். ஆனால் பெட்டிக்குமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்றிருக்கிறது. அதற்குப் பெட்டியே வேண்டாம்.

நீலகிரி எறும்பு மொட்டைக் கடிப்பதில்லை என்று தெரிந்தது எப்படி? யாரோ ஒருவர் வேலைக்கார எறும்பின் தோளைப் பூதக்கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். இருக்கக் கூடாத மொட்டு இருந்தது. பெட்டியில் வளர்த்துப் பார்த்தாலும் அடிப்படை அந்தப் பார்வைதான். கொல்லிமலையில் இரை தேடும் டயகம்மாவுக்கு மொட்டு இருக்கிறதா? ஏற்காட்டில்? சிறுமலையில்? பச்சைமலையில்? குற்றாலத்தில்? உங்கள் கல்லூரி மதில் சுவரில்? ஒரு பத்து மடங்கு பூதக்கண்ணாடியும், எறும்பைக் கொஞ்ச நேரம் அசையாமல் வைக்க ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியும், அதை வைத்துக் குளிர்விக்க ஐஸ்கட்டி போட்ட ஒரு டம்ளரும் இருந்தால் போதும். பார்த்துவிட்டு, படம் எடுத்துவிட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம். ஒன்று பார்த்தால் போதாது. மொட்டோடு இருப்பது கூட்டின் தாயாகவோ, அன்றுதான் பிறந்ததாகவோ இருக்கலாம். எனவே ஒரு வளைக்கு ஏழெட்டு எறும்பு பாருங்கள். வெளியே இரை தேடும் எறும்பு ஏழெட்டுக்கும் மொட்டிருந்தால் அது பெரிய செய்தி. ஒன்றுக்கும் இல்லாவிட்டால் அதுவும் செய்திதான். இடம், தேதி, உயரம், எத்தனை எறும்பு பார்த்தேன், எத்தனைக்கு மொட்டு என்று ஐந்து வரி எழுதிவையுங்கள்.

அப்படி ஒரு நோட்டுப் புத்தகம் மாவட்டத்துக்கொன்று சேர்ந்தால், எந்த ஊரின் கூட்டைப் பெட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும், எதைத் தொடவே வேண்டாம் என்று நாமே முடிவு செய்யலாம். அடுத்த விடுமுறையில் மலைக்குப் போகிறவர்கள் பூதக்கண்ணாடியை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.